ஊர் பார்க்காத காட்சி

மறுநாள் நிச்சயதார்த்தம். அந்த வீட்டில் அன்றைக்குக் காலை எல்லாரும் பேச வேண்டியது பூவைப் பற்றியும் பந்தலைப் பற்றியும், சர்ச் சபையிலிருந்து எத்தனை பேர் சாப்பிட உட்காருவார்கள் என்பதைப் பற்றியும்தான். ஆனால் பேச்செல்லாம் ஒரு கொலைகாரனைப் பற்றியே ஓடிக்கொண்டிருந்தது.

"தலையில சாக்கைக் கவுத்துக்கிட்டு கோணி ஊசியால குத்துதவனுக்கு நீ உக்காந்து மார்க் போட்டுக்கிட்டு இருக்க. நாளைக்கு உனக்கு மோதிரம் போட வாராவ, அந்த நெனப்பு இருக்கா ஏட்டி?" அடுப்படியிலிருந்து பாக்கியத்தின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"இருக்கும்மா" என்றாள் ப்ரியதர்ஷினி. போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 'பெஞ்ச் டிக்கெட் ப்ரியா' என்ற பெயரில் அவள் நடத்தும் சேனலில் எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும் நாலு பேர் பாராட்டுவார்கள், நாலு பேர் திட்டுவார்கள், அதோடு முடிந்துபோகும். நேற்றுப் போட்ட வீடியோவுக்கு அடியில் மட்டும் ஒரு ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

சண்டைக்குள் போகுமுன் போன வாரத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது அடித்தட்டிலிருந்து ஒரு புகைப்படம் விழுந்தது. தாவணி போட்டு, இரட்டைச் சடையில் ஒன்றை முன்னால் விட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கத் தெரியாமல் நிற்கிற ஒரு பெண். எமிலி. ப்ரியாவின் அப்பா ஜெயசிங்கின் ஒரே தங்கை, அவளுக்கு அத்தை. அதைப் பார்த்ததும் ஜெயசிங் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

'வெள்ளைச் சாக்கு' படத்தை எடுக்க ஊருக்கு வந்த கூட்டத்தில் ஒரு லைட்மேனோடு, ஆடித்தபசுத் திருவிழாக் கொடியேற்றத்தன்று ரயிலேறி பம்பாய்க்குப் போனவள் என்றுதான் எமிலியைப் பற்றி வீட்டில் சொல்லுவார்கள். போனதைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு ஆள். அப்போது பொன்மணி டாக்கீஸில் மேனேஜராக இருந்த சுந்தரராஜ். அவரே வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார். ஜெயசிங் அடுத்த வண்டியிலேயே பம்பாய்க்கு ஓடினார். ஒரு மாதம் அலைந்து, வெறுங்கையோடு திரும்பினார்.

அந்தச் சுந்தரராஜ் இன்றைக்கு ஊரில் பெரிய ஜவுளிக்கடைக்காரர். அவருடைய மகன் ஜோஷ்வாதான் மாப்பிள்ளை.

இனிச் சண்டைக்கு வருவோம்.

பழைய 'வெள்ளைச் சாக்கு' சங்கரன்கோவிலுக்குச் சொந்தப் படம். நம் பருத்திக் கமிஷன் கடைகளில், நம் ஜின்னிங் மில்லில், நம் ரத வீதியில் எடுத்தது. பொன்மணி டாக்கீஸ் முதலாளி ரிலீஸுக்கு வந்த பிரதியையே சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். வருஷா வருஷம் ஆடித்தபசுக் கூட்டத்துக்கு அந்தப் படத்தைத்தான் ஓட்டுவார்கள். டாக்கீஸை இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கும் வரைக்கும் அந்த வழக்கம் நிற்கவில்லை. அங்கே ஆபரேட்டர் ஜெயசிங். புரொஜெக்டர் ரூமில் அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவள்தான் ப்ரியா. தயாரிப்பாளரின் பிள்ளைகள் கோர்ட்டில் அடித்துக்கொண்டதால் படம் டிவியிலும் வரவில்லை, இன்டர்நெட்டிலும் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு அது மனப்பாடம். மற்றவர்களுக்கு மங்கலான ஞாபகம்.

நேற்று வெள்ளிக்கிழமை அதன் புதுப்பதிப்பு வந்துவிட்டது. 'சாக்கு' என்று பெயரைக்கூடப் பாதியாக வெட்டிவிட்டார்கள். ப்ரியா காலைக்காட்சி பார்த்தாள், சாயங்காலம் கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"பழைய படத்துல இடைவேளை வரைக்கும் சாக்குக்காரனோட முதுகைக்கூட முழுசாக் காட்ட மாட்டாவ மக்கா. மில்லுக்குள்ள கோணி ஊசி செவுத்துல கீச்சுத சத்தம் மட்டும் வரும். அம்புட்டுதான், நமக்கு உசுரு போயிட்டு வரும். புதுசுல முதல் பாட்டு முடியுததுக்குள்ள அவனைக் கொண்டாந்து நட்டநடுவுல நிறுத்திட்டாவ. சின்ன வயசுல பெத்த அம்மை அடிச்சா, வாத்தியாரு அடிச்சாரு, அதனாலதான் குத்துதானாம். கொலைகாரனுக்கு ஜாதகம் எழுதிக் கையில குடுத்துட்டா அப்புறம் எங்கன இருந்து பயம் வரும்? பாவமால்லா இருக்கு!

"ரத்தம் குடம் குடமா ஊத்துது. எல்லாம் கம்ப்யூட்டர் ரத்தம். சட்டையில பட்ட ரத்தத்தை அடுத்த ஷாட்ல காணோம், நடுவுல சலவைக்குப் போட்டுட்டாவ போல. மில்லு செட்டுல பறக்குத பஞ்சைப் பாத்தா நம்ம கரிசக்காட்டுப் பருத்தி மாதிரியா இருக்கு? தலகாணிப் பஞ்சு.

"ஆனா ஒரே ஒரு சீன் இருக்கு மக்கா. அதைப் பத்திப் பேசாம இருந்தா எனக்குப் பாவம் வந்து சேரும். தபசுக் கூட்டம். பருத்தியும் மிளகா வத்தலும் வானத்துல பறக்கு. அந்தக் கூட்டத்துக்குள்ள ஒருத்தன் ஒரு பிள்ளையோட மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போறான். சாக்கு இல்ல, ஊசி இல்ல, மியூசிக்கே இல்ல. அவ கத்தவும் இல்ல. ஒரே ஒரு தடவை திரும்பி நம்மளைப் பாக்கா. அந்தப் பார்வை இருக்கே... எனக்கு ராத்திரிச் சோறு இறங்கலை. பழைய படத்துல இல்லாத இந்த ஒரு சீனை யோசிச்ச டைரக்டருக்கு ஒரு கும்பிடு. அஞ்சுக்கு ரெண்டரை. அந்த அரை, அந்தப் பார்வைக்கு."

இதுதான் அவள் பேசியது. நியாயமான பேச்சு. காலையில் எழுந்து பார்த்தால் அடியில் ஒரே ரகளை.

'தங்கச்சி, அந்த சீன் பழசுலயே இருக்கு. தென்காசியில பாத்தேன்.'

'இல்லவே இல்ல. நான் அந்தப் படத்தை வருஷா வருஷம் பாத்தவன்.'

'மதுரையில ரிலீஸ் அன்னைக்கே பாத்தேன். இருந்துச்சு.'

'பொய் சொல்லாதீய அண்ணாச்சி. எங்க ஊர்ப் படம், எங்களுக்குத் தெரியாதா?'

ப்ரியா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். கோவில்பட்டிக்காரர் இருக்கிறது என்றார். ராஜபாளையத்துக்காரர் இருக்கிறது என்று சத்தியம் பண்ணினார். இல்லை என்று மல்லுக்கு நின்றவர்கள் எல்லாரும் பொன்மணி டாக்கீஸில் பார்த்தவர்கள். ஒருத்தர் பாக்கியில்லை. ஊர் மொத்தமும் ஒரே மாதிரி மறக்குமா?

கடைசியாக ஒரு குறிப்பு இருந்தது. கடையநல்லூர் முகம்மது சாதிக் என்பவர் எழுதியிருந்தார். 'துபாய்ல வாங்கின வீடியோ கேசட் நம்ம கையில இருக்கும்மா. அந்த சீன் முழுசா இருக்கு. வேணும்னா நம்பர் தா, அனுப்புதேன்.'

அவள் நம்பரை அனுப்பி முடிக்கவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

சுந்தரராஜ் தனியாக வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பழக்கூடை. ஜெயசிங் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தவர், ஓடிவந்து நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டார். சம்பந்தி ஆகப்போகிறார், இன்னும் அவர் முன்னால் உட்காரப் பழகவில்லை. மேனேஜர் அண்ணாச்சிக்கு முன் ஆபரேட்டர் நின்றுதான் பேசுவார்.

"மருமவளே, வீடியோ பாத்தேம்மா" என்றார் சுந்தரராஜ். குரலில் சர்க்கரை வழிந்தது. "அருமையாப் பேசியிருக்க. அந்த ஜாதகம்னு சொன்ன பாரு, கடையில எல்லாரும் சிரிச்சாவ."

"தேங்க்ஸ் மாமா."

"ஒரே ஒரு சின்ன விஷயம். அந்தத் தபசு சீனைப் பத்திப் பேசுத பாரு, அந்த இடத்தை மட்டும் வெட்டிரு."

ப்ரியா நிமிர்ந்தாள். "எதுக்கு மாமா?"

"நல்ல காரியம் நடக்கப்போற வீடு. பொம்பளைப் பிள்ளையை இழுத்துட்டுப் போறான், அது இதுன்னு... எதுக்கும்மா அச்சானியமா?"

"அப்படின்னா வீடியோவே அச்சானியந்தானே மாமா? முழுக்கக் கொலையில்லா இருக்கு?"

சுந்தரராஜ் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது. "மத்தது இருக்கட்டும். அந்த இடம் மட்டும் வேண்டாம். பாரு, கமெண்ட்லயும் தேவையில்லாம சண்டை போடுதானுவ. பழசுல இருக்கு, இல்லைன்னு. பழசுல கிடையாது. நான் மேனேஜரா இருந்தவன், எனக்குத் தெரியாதா? என்ன ஜெயசிங்கு?"

"ஆமா அண்ணாச்சி" என்றார் ஜெயசிங். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அப்புறம் அவருடைய கை, துடைத்த துண்டை மறுபடியும் மறுபடியும் மடித்துக்கொண்டே இருந்தது. அதை ப்ரியா பார்த்தாள்.

"சாயங்காலம் ஜோஷ்வாவை அனுப்புதேன். மோதிரம் அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாக்கணும், நம்ம வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ. போனையும் கொண்டா. அங்கன வச்சே அதை எடுத்துருவோம்." எழுந்து, அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். அந்தக் கை கனமாக இருந்தது.

கார் திரும்பும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு அப்பாவைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பா, அந்த சீன் பழசுல இருந்துச்சா?"

"இல்லம்மா."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

ஜெயசிங் துவைகல்லில் உட்கார்ந்தார். வீட்டில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். இரண்டு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

"நான்தான் வெட்டுனேன்."

"ஏம்ப்பா?"

"எல்லா டாக்கீஸ்லயும் வெட்டத்தான் செய்வாவ. முதல் ஆட்டம் லேட்டா விட்டா திருவேங்கடம் ஊர்க்காரவியளுக்குக் கடைசி பஸ் போயிரும். ஒரு தடவை பஸ்ஸை விட்டவன் அடுத்த படத்துக்கு வரமாட்டான். அதனால ஆபரேட்டர் ஒரு துண்டை எடுத்துட்டு ஒட்டி ஓட்டுவான். ஊரு உலகத்துல நடக்குததுதானே."

"பாட்டைத்தானேப்பா வெட்டுவிய? நீங்களே சொல்லியிருக்கியளே, பாட்டு வந்ததும் பாதிப் பேரு மூத்திரத்துக்கு எந்திரிச்சுருவான், அதைத்தான் வெட்டணும்னு. பயமுறுத்துத படத்துல பயமுறுத்துத சீனை யாராவது வெட்டுவாவளா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை ஜெயசிங்கிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பாவம், கேட்டிருக்க வேண்டும்.

"படப்பெட்டி மதுரை பஸ்ஸுல லேட்டா வந்துச்சு" என்றார் மெல்ல. "ஜனம் கேட்டை உடைக்காத குறை. சுந்தரராஜ் அண்ணாச்சி ரிலீஸ் அன்னைக்கே மதுரைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு. இன்ன ரீல்ல, தபசுக் கூட்டம் ஆரம்பிச்சதுல இருந்து மில்லு வாசல் வார வரைக்கும் எடுத்துரு, சவசவன்னு இருக்குன்னாரு. வெளிச்சத்துல புடிச்சு, பஞ்சு பறக்குத இடத்தையும் மில்லு வாசலையும் மட்டும் பாத்தேன். வெட்டி ஒட்டிட்டேன்."

"துண்டு?"

"திரும்ப ஒட்டுததுக்கு டப்பாவுல போட்டு வைக்கது வழக்கம். அன்னைக்கு அவரே வாங்கிக்கிட்டாரு. மதுரைக்கு அனுப்பிருதேன்னு."

"அதுல என்ன இருந்துச்சுன்னு நீங்க பாக்கவே இல்லையா?"

"இல்ல." தலையை ஆட்டினார். "ஒவ்வொரு வருஷமும் அந்த ஒட்டு மிஷினுக்குள்ள போகயில டப்புன்னு ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும்."

முன்கட்டில் பந்தல்காரன் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். ப்ரியாவுக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது, கூடவே பயமும் வந்தது. பயம்தான் பெரிதாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையநல்லூரிலிருந்து போன்.

"அஸ்... வணக்கம் மக்கா, சாதிக் பேசுதேன். கேசட்டை எம் மக ஷமீரா கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா. இப்ப வந்துரும். நான் சொல்லுதேன் கேளு, துபாய்ல எங்க ரூம்ல எட்டுப் பேரு. இந்தப் படத்தைப் பாத்துட்டு ஒரு வாரம் ஒருத்தனும் தனியா கக்கூஸுக்குப் போவலை. ஒருத்தன் உள்ள போவான், ஏழு பேரு வெளியில நின்னு பேச்சுக் குடுப்போம்."

ப்ரியா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

"ஆனா மக்கா, உனக்கு ஒரு சங்கதி தெரியுமா? அந்தப் படத்தோட கேமரா அசிஸ்டென்ட் ஒருத்தரு அப்புறம் துபாய்க்கு வந்து கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாரு. அவரு சொன்னாரு. அந்த சீனு அவிய எடுக்கவே இல்லையாம்."

"எடுக்கலைன்னா?"

"லாட்ஜ் மாடியில கேமராவை வச்சு, தபசுக் கூட்டத்தைச் சும்மா எடுத்திருக்காவ. நடிக்கச் சொல்லி யாரையும் விடலை. அப்புறம் மெட்ராஸ்ல போட்டுப் பாத்தா, கூட்டத்துக்குள்ள யாரோ ஒருத்தன் ஒரு பிள்ளையை இழுத்துக்கிட்டுப் போறான். டைரக்டரு நல்லா இருக்குன்னு படத்துல சேத்துட்டாரு. யாரு எவருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அல்லா மேல ஆணையா அவரு சொன்னதுதான். நடிப்பு இல்லம்மா அது."

போனை வைத்த பிறகும் கடைசி வாக்கியம் காதில் நின்றது. அதற்கு அவள் அரை மார்க் போட்டிருந்தாள்.

வீடியோ வந்து சேர்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோடு கோடாக ஓடும் பழைய கேசட் படம். மேலிருந்து எடுத்த கூட்டம். பருத்தி பறக்கிறது, மிளகாய் வற்றல் பறக்கிறது, கைகள் எல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கூட்டம் முழுக்க ஒரு திசையைப் பார்க்க, எதிர்த்திசையில் இரண்டு பேர் மட்டும் நடக்கிறார்கள். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவளின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். அவன் பக்கவாட்டில் திரும்பினான்.

'ஜோஷ்வா?' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அதே மூக்கு. அதே தாடை. நெற்றியில் விழும் முடியை ஒதுக்குகிற அதே தலையசைப்பு. ஜோஷ்வா எப்படி இதில் வருவான் என்று ஒரு கணம் முட்டாள்தனமாக யோசித்தாள். அவன் அப்போது பிறக்கவே இல்லையே என்ற நினைப்பு அடுத்து வந்தது. அப்புறம்தான் அந்த மூக்கும் தாடையும் ஜோஷ்வாவுக்கு யாரிடமிருந்து வந்தவை என்பது புரிந்தது.

பின்னால் வந்தவள் திரும்பிப் பார்த்தாள். இரட்டைச் சடை, ஒன்று முன்னால். போன வாரம் பீரோ அடித்தட்டிலிருந்து விழுந்த முகம். அதில் சிரிப்பு மட்டும் இல்லை.

ப்ரியா அப்பாவைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட சத்தத்திலேயே அவர் கையிலிருந்த பூமாலையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். போனை அவர் கையில் கொடுத்து ஓடவிட்டாள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஜெயசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை பார்த்தார்.

"எமிலி" என்றார். "ஏ... எமிலி." பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

"அப்பா, கொடியேத்தத்தன்னைக்கே ரயில் ஏறிட்டாங்கன்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"பருத்தி எறிஞ்சு சூறை விடுதது?"

இதைச் சங்கரன்கோவிலில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டில் விளைந்ததை அள்ளி எறிவது தபசுக் காட்சியன்றைக்கு மட்டும்தான். கொடியேறி ஒன்றரை வாரம் கழித்து, திருவிழாவின் உச்ச நாள் அது. வேறு எந்த நாளிலும் அந்த வானத்தில் பஞ்சு பறக்காது.

"தபசன்னைக்கு நான் தாராவியில நின்னேன்" என்றார் ஜெயசிங். "இவ போட்டோவைக் காட்டி வீடு வீடா கேட்டுக்கிட்டு நின்னேன். இவ இங்கன இருந்திருக்கா. அத்தனை நாளும் இதே ஊர்ல அடைச்சு வச்சிருந்திருக்கான். கூட்டத்தோட கூட்டமா எங்கயோ கொண்டு போயிருக்கான். பாவிப்பய, அவன் சொன்னான்னு நானே... என் கையாலயே..."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிலிமை வெட்டிய கை அது. அந்த மனுஷர் அழவில்லை. அழுதிருந்தால்கூட ப்ரியாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்பா, எங்கன கொண்டு போனாரு? அத்தை என்ன ஆனாங்க?"

வாசலில் ஹாரன் அடித்தது.

"ப்ரியா, மாப்பிள்ளை வந்திருக்காவட்டி!" பாக்கியம் கூவிக்கொண்டே வந்து கதவைத் தள்ளினாள். "என்ன ரெண்டு பேரும் இருட்டுக்குள்ள உக்காந்து என்ன மந்திரம் பண்ணுதிய? கொஞ்சம் பவுடர் போட்டுக்கிட்டுப் போ. மாமா கார்லயே இருக்காவளாம். கிளம்பு, கிளம்பு."

அம்மாவிடம் என்ன சொல்ல முடியும்? ப்ரியா அப்பாவைப் பார்த்தாள். ஜெயசிங் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையாக ஓடவிட்டிருந்தார். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. அம்மா முதுகில் கைவைத்துத் தள்ள, ப்ரியா எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்தான் ஜோஷ்வா. நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தான். நேற்று வரைக்கும் அவளுக்கு ரொம்பப் பிடித்த சிரிப்பு அது. இவனுக்குத் தெரியுமா, இல்லை ஒன்றும் தெரியாத பிள்ளையா? அந்த முகத்தில் தேடிப் பார்த்தாள், தெரியவில்லை.

"என்ன மேடம், கொலைகாரனைப் பாத்த மாதிரி பாக்கீங்க? படத்தோட எஃபெக்ட் இன்னும் போவலையா?"

"ஜோஷ்வா, நான் நாளைக்கே..."

"அதெல்லாம் முடியாது. அப்பா காத்துக்கிட்டு இருக்காவ." விளையாட்டாக அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ கைதட்டினார்கள். பந்தல்காரன் வழிவிட்டு ஒதுங்கிச் சிரித்தான். பட்டப்பகலில், இத்தனை பேருக்கு நடுவில், கல்யாணப் பிள்ளையை மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போகிறான். யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

கத்த வேண்டும் என்று ப்ரியாவுக்குத் தோன்றியது. சத்தம் வரவில்லை. கேட் வரைக்கும் போனதும் அவளை அறியாமல் ஒரே ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலில் ஜெயசிங் நின்றிருந்தார். கையில் இருந்த போனிலும் ஒரு பெண் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

அந்த மனுஷர் ஓடியதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், வேட்டி தடுக்க, பந்தல் கம்பைத் தள்ளிவிட்டு ஓடிவந்து மகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இரைத்தது. பிடித்த பிடி மட்டும் இறுகியிருந்தது.

கார்க் கண்ணாடி இறங்கியது. உள்ளே சுந்தரராஜ்.

"என்ன ஜெயசிங்கு? என்ன இப்படி ஓடிவார?"

"பிள்ளை வரமாட்டா."

"என்ன சொல்லுத?"

ஜெயசிங் குனியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவரை அண்ணாச்சி என்று சொல்லாமல் பேசினார்.

"நீரு வெட்டச் சொன்ன துண்டை இன்னைக்குத்தான் பாத்தேன்."

சுந்தரராஜின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண்கள் மட்டும் ஜெயசிங்கின் சட்டைப்பைக்கு நகர்ந்தன. அங்கே போன் இன்னும் வெளிச்சமாக இருந்தது.

"எந்தத் துண்டு?" என்று கேட்டான் ஜோஷ்வா. "அப்பா, மாமா எதைச் சொல்லுதாவ?"

கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது. ஜோஷ்வாவின் கை இன்னும் ப்ரியாவின் மணிக்கட்டை விடவில்லை.